அளவையும் அறிவும்: ஒல்லாந்து அறிஞர் ஆகே ஸ்மில்டேயின் ஆய்வு நெறி

"அளவை" என்னுஞ் சொல் தமிழிலே இருபொருள் பயப்பது. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நம் முன்னோர் வகுத்த நால்வகை அளவைகளை யாம் இளமையிலேயே கற்றோம். பொருளின் உண்மையை நிறுவுதற்குத் துணையாகும் கருவிக்கும் அளவை என்பதே பெயர். காண்டல், கருதல், உரை என்பன அவ்வகையின. சிவஞான சித்தியாரின் சுபக்கம் தத்துவப் பொருளை ஆராயப் புகுமுன் இவ்வளவைகளின் இலக்கணத்தை வகுத்துரைக்கின்றது. எதை அறிந்தோம் என்று கூறுமுன் எவ்வாறு அறிந்தோம் என்று கூறுதல் வேண்டும் என்பது அம்மரபின் கொள்கை. முதலாம் அளவை கோலும் தராசுங் கொண்டு செய்வது. இரண்டாம் அளவை அறிவு கொண்டு செய்வது. ஒன்றை அளந்துவிட்டால் அதனை அறிந்தும்விட்டோம் என்று எண்ணுதல் எளிது. அவ்வெண்ணம் எத்துணைப் பிழைபட்டது என்பதனை நம் காலத்து ஆய்வுகூடங்களிலே தெளிவாகக் காட்டிய துறை இரசாயன அளவையியல் ஆகும். அத்துறையில் உழைத்த ஒல்லாந்து நாட்டறிஞர் ஆகே ஸ்மில்டே அவர்களின் ஆய்வு வாழ்க்கையைத் துணையாகக் கொண்டு, அளத்தலுக்கும் அறிதலுக்கும் இடையேயுள்ள தூரத்தை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் தோற்றம்

முற்காலத்து இரசாயன ஆய்வாளர் ஒரு கரைசலை நியமிப்புச் செய்து, அளவியை வாசித்து, ஓர் எண்ணைப் பெற்றார். அவ்வெண்ணின் பொருள் வெளிப்படையானது. இன்றைய கருவியோ ஒரு துளி திரவத்தினின்று சில நிமிடங்களிலே ஆயிரக்கணக்கான எண்களைத் தருகின்றது. ஒவ்வோர் எண்ணும் பல பொருள்களின் சாயலைக் கலந்து தாங்கி நிற்கும். எந்த எண் எந்தப் பொருளுக்கு உரியது, எது கருவியின் வழு, எது வெறுந் தற்செயல் என்று பிரித்தறிதற்குத் தனியொரு கணித நெறி வேண்டியதாயிற்று. 1971ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டு ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்வாந்தே வோல்ட் என்பார் இந்நெறிக்குக் "கீமோமெற்றிக்ஸ்" என்று பெயரிட்டார். 1974இல் அவரும் அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்துப் புரூஸ் கோவால்ஸ்கியும் சேர்ந்து இத்துறைக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். ஒல்லாந்திலே நைமேகன் பல்கலைக்கழகத்தில் கெரிற் காற்றேமான் என்பார் இத்துறைக்கு அடித்தளம் இட்டார்.

ஸ்வாந்தே வோல்டின் தந்தையாராகிய ஹெர்மன் வோல்ட் பொருளாதார அளவையியல் வல்லுநர். சந்தையின் போக்கையும் மக்களின் தேவையையும் எண்களால் ஆராய்வதற்குத் தந்தை வகுத்த கணித முறையொன்று, மைந்தனின் கையிலே இரசாயன ஆய்வுக் கருவியாயிற்று. இவ்வாறு துறை விட்டுத் துறை பாய்தல் ஒல்லாந்திற்கும் புதிதன்று. 1969இல் பொருளியலுக்கான நோபெல் நினைவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதனை நோர்வே நாட்டு இராக்னர் பிரிஷுடன் பகிர்ந்துகொண்ட யான் தின்பேர்கன், லெய்டன் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். பௌதிக அறிஞர் பொருளியலுக்குச் சென்றதும், பொருளியலின் முறை இரசாயனத்திற்கு வந்ததும் ஒரே நூற்றாண்டின் நிகழ்ச்சிகள்.

ஆகே ஸ்மில்டே அவ்வழியே வந்தவர். வட ஒல்லாந்தின் பழம்பெரும் கல்விப்பதியாகிய குரோனிங்கன் பல்கலைக்கழகத்திலே அவர் பயின்றது பொருளாதார அளவையியல். ஆயினும் அவர் தம் ஆய்வுக்குக் களமாகத் தேர்ந்தது சந்தையை அன்று. மருந்துப் பொருள்களைப் பகுத்தறியும் ஆய்வுகூடத்தை.

குரோனிங்கனில் முதற் பணி

ஒரு கலவையிலுள்ள பொருள்களை ஒன்றினின்று ஒன்றாகப் பிரித்தறியும் முறைகளுள் திரவக் குரோமற்றோகிராபி தலையாயது. நுண்துகள் நிரம்பிய குழாயொன்றின் வழியே கலவையைத் திரவத்தோடு செலுத்தினால், துகள்களோடு மிகுதியாக ஒட்டும் பொருள் பிந்தியும், ஒட்டாத பொருள் முந்தியும் வெளிவரும். இங்கே ஆய்வாளருக்கு ஓர் இக்கட்டு உண்டு. பொருள்கள் நன்கு விலகிப் பிரிதல் வேண்டும். ஆய்வும் விரைவில் முடிதல் வேண்டும். பிரிவு நன்கமையும் இடத்து நேரம் நீளும்; நேரத்தைச் சுருக்கினால் பிரிவு கெடும். இவ்விரு நோக்கங்களையும் ஏதோவொரு சூத்திரத்தால் ஓரெண்ணாகச் சேர்த்து, அவ்வெண் மிகுமிடத்தைத் தேடுதல் வழக்கமாயிருந்தது. அதனால் நோக்கங்களிடையே யாது கொடுத்து யாது பெறுகிறோம் என்பது மறைந்துவிடும்.

1986இல் ஸ்மில்டேயும் அவர்தம் குரோனிங்கன் தோழரும் வெளியிட்ட கட்டுரை இவ்விடத்திலே ஒரு புது வழியைத் திறந்தது. இத்தாலியப் பொருளியலறிஞர் வில்பிரெடோ பரேற்றோவின் கருத்தொன்றை அவர்கள் குரோமற்றோகிராபிக்குக் கொணர்ந்தனர். ஒரு நோக்கத்தைக் கெடுக்காமல் மற்றொன்றை மேலும் திருத்த இயலாத நிலைகளை மட்டும் தொகுத்து, ஏனையவற்றை விலக்கிவிடுதல் அதன் சாரம். எஞ்சிய நிலைகள் சில. அவற்றுள் எது வேண்டும் என்பதை, தன் தேவையை அறிந்த ஆய்வாளரே கண் திறந்து தெரிந்துகொள்ளலாம். கணிதம் மனிதரின் முடிவைப் பறித்துக்கொள்ளலாகாது. முடிவு செய்வார்க்கு ஒளி காட்டல் வேண்டும் என்னும் இம்மனப்பாங்கு அவருடைய பிற்காலப் பணிகளிலும் தொடர்ந்து காணப்படுவது. 1990இல் குரோமற்றோகிராபி அளவீடுகளைப் பன்மாறிக் கணிதத்தாற் செம்மைப்படுத்தும் முறையை ஆராய்ந்து, அப்பல்கலைக்கழகத்திலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அம்ஸ்ரர்டாமும் மூன்றாந் திசையும்

பின்னர் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்தின் இரசாயனப் பொறியியற் பிரிவிலே, செய்முறைப் பகுப்பும் இரசாயன அளவையியலும் என்னும் ஆய்வுக் குழுவில் ஸ்மில்டே பணியாற்றினார். அக்காலத்து அவரைப் பெரிதுங் கவர்ந்தது பல்வழித் தரவு என்னும் பொருளாகும். அது யாதென ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

சில பொருள்கள் ஒருநிற ஒளியை ஏற்று வேறுநிற ஒளியை உமிழும். இதனைப் புளோரொளிர்வு என்பர். ஒரு கரைசல்மீது பல அலைநீளங்களில் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொன்றுக்கும் உமிழப்படும் ஒளியைப் பல அலைநீளங்களில் அளந்தால், நிரையும் நிரலும் கொண்ட ஓர் அட்டவணை கிடைக்கும். பல கரைசல்களுக்கு இவ்வாறு செய்து அட்டவணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், நீளம், அகலம், உயரம் என முத்திசை கொண்ட எண்பெட்டி ஒன்று தோன்றும். டென்மார்க் அறிஞர் ராஸ்முஸ் புரோ 1997இல் வெளியிட்ட விளக்கவுரையில் இத்தகைய பெட்டி ஒன்று உண்டு. மூன்று அமினோவமிலங்களை வெவ்வேறு அளவிற் கொண்ட கரைசல்கள் 5, உமிழ் அலைநீளங்கள் 201, தூண்டு அலைநீளங்கள் 61. ஆக 61,305 எண்கள். இத்தனை எண்களுக்கும் மூலமாயிருப்பன மூன்றே பொருள்கள். அம்மூன்றையும் மீட்டெடுத்தல் இயலுமா?

ஓர் அட்டவணை மட்டும் இருப்பின் இயலாது. ஒரு காணியின் பரப்பு 24 என்று மட்டும் கூறி நீள அகலங்களை வினவினால், 6உம் 4உம் எனலாம். 8உம் 3உம் எனலாம். 12உம் 2உம் எனலாம். எல்லாம் சரியே, ஆதலின் எதுவும் நிச்சயமன்று. சுற்றளவு 20 என்ற இன்னொரு செய்தி கிடைத்தால், 6உம் 4உம் என்பது உறுதியாகும். மூன்றாந் திசை செய்வது ஒருவாறு இத்தொழிலையே. தகுந்த நிபந்தனைகள் நிறைவேறுமிடத்து, முத்திசைப் பெட்டியை மூலப் பொருள்களாகப் பிரிக்கும் வழி ஒன்றேயாகும். அறியப்படாத பிற பொருள்கள் கலந்திருந்தாலும், வேண்டிய பொருளின் சாயலைத் தனியே எடுத்து அளக்கலாம் என்பது இதன் பெரும்பயன்.

இம்முறை இரசாயனத்திலே பிறந்ததன்று. மனித மனத்தின் இயல்புகளை எண்களால் ஆராய்ந்த உளவியலார் 1944 முதல் இக்கருத்தை வளர்த்தனர். 1970இல் ஹார்ஷ்மன் என்பாரும், அவரைச் சாராது கரோல், சாங் என்னும் இருவரும் இதனை நிறைவான வடிவில் அமைத்தனர். உளவியலிலோ, அளக்கப்படும் மனவியல்பு கணித உருவுக்கு உண்மையிலே பொருந்துகின்றதா என்பது என்றும் ஐயமே. ஒளிர்வின் பௌதிக விதியோ, செறிவு குறைந்த கரைசல்களிலே அவ்வுருவோடு அவ்வாறே இயைந்து நிற்கின்றது. ஓரிடத்தில் ஊகமாயிருந்த கணிதம் மற்றோரிடத்தில் இயற்கையின் விதியாய் அமைந்தது வியத்தற்குரியது. குரோனிங்கன் பல்கலைக்கழகத்திலும் உளவியல் அளவையியலார் இம்முறையை ஆழ்ந்து ஆராய்ந்து வந்தனர். புரோ 1998இல் அம்ஸ்ரர்டாம் பல்கலைக்கழகத்திற்கு அளித்த கலாநிதி ஆய்வேடு பல்வழிப் பகுப்பை உணவுத் தொழிலுக்குப் பயன்படுத்தியது. 2004இல் ஸ்மில்டே, புரோ, பாவுல் கெலாடி என்னும் மூவரும் சேர்ந்து, இரசாயன விஞ்ஞானங்களுக்கான பல்வழிப் பகுப்பை முழு நூலாக எழுதி வெளியிட்டனர்.

உயிரின் இரசாயனம்

இரசாயனத் தொழிற்சாலையினின்று உயிருடலுக்கு ஸ்மில்டேயின் கவனம் திரும்பியது அடுத்த கட்டம். சைஸ்ற் நகரிலே ரீ.என்.ஓ. என்னும் ஒல்லாந்து ஆய்வு நிறுவனத்தின் உணவாய்வுப் பிரிவோடு அவர் தொடர்பு கொண்டிருந்தார். பின்னர் அம்ஸ்ரர்டாமில் உயிர்த்தொகுதித் தரவுப் பகுப்பாய்வு என்னும் துறையின் பேராசிரியராய் விளங்கினார். உடலின் அனுசேபத்திலே தோன்றி மறையும் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒருங்கே அளக்கும் கருவிகள் அப்பொழுது பெருகிக்கொண்டிருந்தன. எண்கள் வெள்ளமாய் வந்தன. அவ்வெள்ளத்திலே மூன்று இடர்கள் மறைந்திருந்தன.

முதலாவது, அளவின் பெருமை பொருளின் பெருமையன்று என்பது. 2006இல் வான் டென் பேர்க், ஸ்மில்டே முதலாயினோர் வெளியிட்ட கட்டுரை, ஒரே தரவுத் தொகுதியிலே ஒரு பொருளின் செறிவு மற்றொன்றின் 5000 மடங்காக இருக்கலாம் என்றும், உயிருக்கு அப்பொருளின் முக்கியத்துவம் அவ்விகிதத்தில் இருப்பதில்லை என்றும் எடுத்துரைத்தது. கணினி இதனை அறியாது. பெரிய எண்ணையே பெரிதென மதிக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் அதன் இடையினின்றும் விலகும் அளவாக மாற்றி, நியம விலகலால் வகுத்தல் போன்ற முன்னாயத்தங்கள் வேண்டும். பற்றீரியா ஒன்றைக் குளுக்கோசு முதலிய வெவ்வேறு உணவில் வளர்த்துப் பெற்ற தரவுகளிலே பல முறைகளை அவர்கள் ஒப்பிட்டனர். முறை மாறியபோது, முக்கியமெனத் தோன்றிய பொருள்களும் மாறின. எண்கள் அவையே, விடை வேறு. கணக்கைத் தொடங்குமுன் செய்யும் சிறு தெரிவு முடிவையே ஆளவல்லது என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இரண்டாவது இடர், பரிசோதனையின் அமைப்பை மறந்து கணித்தல். 2005இல் ஸ்மில்டேயும் சகாக்களும் இதற்கு வகுத்த முறை அஸ்கா எனப் பெயர் பெற்றது. மூட்டுநோயுற்ற கினிப்பன்றிகளுக்கு வெவ்வேறு அளவில் விற்றமின் சி கொடுத்து, பல நாள்களில் அவற்றின் சிறுநீரைச் சோதித்துப் பெற்ற தரவே அதற்கு எடுத்துக்காட்டு. சிறுநீரின் மாற்றம் நாளால் வந்ததா, விற்றமினால் வந்ததா, இரண்டும் சேர்ந்ததால் வந்ததா? ஒரேயொரு பொருளை வைத்துக் கற்பனையாக ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். மருந்தில்லாக் கூட்டத்தில் முதல் நாள் 10, இறுதி நாள் 14. மருந்துண்ட கூட்டத்தில் முதல் நாள் 12, இறுதி நாள் 20 என்க. முழு இடை 14. முதல் நாளின் இடை 11, இறுதி நாளின் இடை 17; ஆகவே நாளின் விளைவு 3 குறைதலும் 3 கூடுதலும். மருந்தில்லார் இடை 12, மருந்துண்டார் இடை 16. ஆகவே மருந்தின் விளைவு 2 குறைதலும் 2 கூடுதலும். இறுதி நாளில் மருந்துண்டார்க்கு 14, 3, 2 ஆகியன கூட்ட 19 வரவேண்டும்; வந்ததோ 20. மிஞ்சிய 1 நாளும் மருந்தும் ஒருங்கு கூடியதால் விளைந்த பயன். இவ்வாறு பிரித்தல் ரொனால்ட் பிஷர் வேளாண்மை ஆய்வுக்கு வகுத்தளித்த மாறற்றிறன் பகுப்பின் வழி. ஸ்மில்டே குழுவினர் சிறுநீர் அளவீடுகள் அனைத்தையும் ஒருங்கே இவ்வாறு பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முதன்மைக்கூறுப் பகுப்பினால் சுருக்கிக் காட்டினர். பழைய முறைகள் இரண்டும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தவை. அவற்றை ஒன்றிணைத்ததனால், ஆய்வாளர் கேட்ட வினாவுக்கே கணிதம் விடை கூறலாயிற்று.

நூற்றுக்கு நூறு என்னும் மயக்கம்

மூன்றாவது இடர் எல்லாவற்றினும் கொடிது. ஆள்கள் சிலராகவும் அளவீடுகள் பலவாகவும் இருக்குமிடத்துத் தற்செயலே உண்மைபோல் வேடமிடும். நோயாளர் ஐவர், நலமுடையார் ஐவர் என்க. இவர்களுக்கு நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா என்று குறித்து வந்தால், நோயாளர் எல்லார்க்கும் ஒன்றும், ஏனையோர் எல்லார்க்கும் மற்றொன்றும் விழுதல் 512 தடவைக்கு ஒருமுறை நிகழத்தக்கது. இத்தகைய வெறுங் குறிகள் 10,000 இருப்பின், அவற்றுள் ஏறத்தாழ 20 குறிகள் நோயை முற்றாகக் காட்டுவனபோல் தோன்றும். அவற்றில் ஒன்றேனும் நோயைப்பற்றி எதுவும் அறியாது.

இது வெறுங் கற்பனையன்று. 2002இல் லான்செற் என்னும் மருத்துவ இதழிலே, குருதி நீர்ப்பாயத்தின் புரதக் கோலத்தைக் கொண்டு சூலகப் புற்றுநோயை அறியலாம் என்று ஓர் அமெரிக்க ஆய்வு வெளிவந்தது. நோயுற்ற பெண்கள் 50 பேரையும் அது சரியாகக் காட்டியது. நோயற்ற 66 பேருள் 63 பேரைச் சரியாக விலக்கியது. முற்றிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படும் கொடுநோயாகையால் உலகெங்கும் நம்பிக்கை எழுந்தது. ஆயின் 2004இல் புள்ளிவிபரவியலார் அத்தரவுகளை மீளாய்ந்தபோது, ஒரு தொகுதியிற் கண்ட கோலம் மற்றத் தொகுதியிலே நிலைக்கவில்லை. அளந்த முறையின் வேறுபாடு நோயின் வேறுபாடுபோல் தோன்றியிருக்கக்கூடும் என்று அவர்கள் காட்டினர். பிழையான சோதனை நோயுற்றவளை நலமென்று அனுப்பிவிடும். நலமுற்றவளைச் சத்திரசிகிச்சைக்கு அழைக்கும். இங்கே வழு என்பது ஏட்டில் எழுதும் எண்ணன்று, ஓர் உயிர்.

ஸ்மில்டேயும் அவரைச் சார்ந்த அம்ஸ்ரர்டாம் குழுவினரும் 2007இலும் 2008இலும் வெளியிட்ட கட்டுரைகள் இவ்விடத்திலே கடுமையான ஒழுங்கொன்றை வற்புறுத்தின. அதனை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். வகுப்பிற் செய்துகாட்டிய கணக்கையே பரீட்சையிற் கொடுத்தால் மாணவன் நூறு புள்ளி பெறுவான். அதனால் அவன் கற்றான் என்பது பெறப்படாது. ஆகவே பயிற்சிக்கு ஒரு பகுதி தரவும், முறையைத் தெரிந்து திருத்துவதற்கு மற்றொரு பகுதியும், இறுதித் தீர்ப்புக்கு முன்பு எவ்வகையிலும் தொடாத மூன்றாம் பகுதியும் வேண்டும். ஒவ்வொருவரும் முறைவைத்து அம்மூன்றாம் பகுதியில் நின்று சோதிக்கப்படுவர். இது இரட்டைக் குறுக்குச் சரிபார்ப்பு எனப்படும். அன்றியும், நோயாளர் இன்னார், நலமுடையார் இன்னார் என்ற பெயர்ச்சீட்டுகளைக் குலுக்கி மாற்றிக் கொடுத்துக் கணக்கை மீண்டும் செய்தல் வேண்டும். பொய்ச்சீட்டுக்கும் அம்முறை வேறுபாடு கண்டுபிடிக்குமாயின், மெய்ச்சீட்டுக்குக் கண்ட வேறுபாட்டையும் நம்புதற்கில்லை.

2007ஆம் ஆண்டுக் கட்டுரையிலே கோஷே என்னும் பரம்பரை நோயுடையாரின் நீர்ப்பாயத்தை இவ்வொழுங்கின்படி சோதித்தனர். நோயாளரை இனங்காணலில் நூற்றுக்கு 89, நலமுடையாரை இனங்காணலில் நூற்றுக்கு 90 என்பன கிடைத்த விடைகள். முன்னர்க் கூறிய ஆய்வின் "நூற்றுக்கு நூறு" என்பதனோடு ஒப்பிட இவை சிறிய எண்களே. ஆயினும் இவை எவ்வாறு பெறப்பட்டன என்பது தெரியும். எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். மருத்துவர் ஒருவர் கையிலே, நிலையாத நூறினும் நிலைத்த எண்பத்தொன்பது மேலானது.

நிறைவாக

பின்னைய ஆண்டுகளிலே ஸ்மில்டேயின் கருத்து, ஒரே உடலைப் பற்றிப் பல கருவிகள் தரும் பலவகைத் தரவுகளை ஒருங்கிணைத்துப் பார்ப்பதிற் சென்றது. 2022இல் நோர்வே அறிஞர்களாகிய தோர்மொட் நேஸ், கிறிஸ்தியான் லிலாண்ட் ஆகியோருடன் இதுபற்றி ஒரு நூலை வெளியிட்டார். பல சாட்சிகள் கூறுவனவற்றுள் எல்லார்க்கும் பொதுவானது எது, ஒருவரே கூறுவது எது என்று பிரித்தல் அந்நூலின் மையப் பொருள்களுள் ஒன்று. முதற் கட்டுரைக்கும் இந்நூலுக்கும் இடையே முப்பத்தாறு ஆண்டுகள். பொருள்கள் மாறின: மருந்து, ஒளிர்வு, சிறுநீர், குருதி. வினா மாறவில்லை. கையிலுள்ள எண்கள் உண்மையாகவே எதனைக் கூறுகின்றன என்பதே அது.

நம் மாணவர் கணிதம் கற்போர், உயிரியல் கற்போர், வர்த்தகம் கற்போர் என்று இளமையிலேயே பிரிந்து விடுகின்றனர். ஒரு பிரிவினர் மற்றதன் வாயிலை எட்டிப் பார்ப்பதும் அரிதாகின்றது. பொருளியல் அளவைகளைக் கற்ற ஒருவர் மருந்தாய்வுகூடத்தினுட் புகுந்து, உளவியலார் வகுத்த கணிதத்தால் ஒளியை ஆராய்ந்து, வேளாண்மைக்கு வகுத்த முறையைச் சிறுநீருக்குப் பொருத்திய வரலாறு, அவ்வாயில்கள் பூட்டப்பட்டவை அல்ல என்பதனை உணர்த்தும். ஆய்வுகூடத்திலே பெறும் வாசிப்பு விரும்பிய விடையோடு இயையாதபோது அதனைத் திருத்தி எழுதும் ஆசை மாணவ நிலையிலேயே தோன்றுவது. அவ்வாசையை அடக்கி, பெற்றதைப் பெற்றவாறே எழுதி, "இதனை நான் எவ்வாறு அறிந்தேன்?" என்று தன்னைத் தானே வினவும் மாணவனுக்கு, அளவை என்னுஞ் சொல்லின் இரண்டு பொருளும் ஒருங்கே கைவந்தன எனலாம்.